பின்முடுக்கு நீர்

பொதிய மலையின் மடியிற் பிறந்து, பாறைகளில் துள்ளி விழுந்து, அணைகளுக்குள் சிறிதே கண்ணயர்ந்து, பின்பு வயல்கள் அழைத்த திசையெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகத் தன்னைப் பகிர்ந்து கொடுத்தபடியே கிழக்கு நோக்கி நடக்கும் தண்பொருநை, முக்கூடலைக் கடந்த சிறிது தொலைவில், எதையோ வைத்துவிட்டு வந்தவள் திரும்பிப் பார்ப்பது போல ஒருமுறை தெற்கே வளைந்து, மீண்டும் தன் வழியே செல்கிறாள். அந்த வளைவின் அணைப்பில், வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே, பள்ளிவாசலின் இரண்டு வெண்ணிறத் தூண்களை வானத்தில் நீட்டிக்கொண்டு கிடக்கும் சிற்றூருக்குப் புன்னையம்பேட்டை என்று பெயர். சித்திரை மாதத்து நண்பகல் அது. உச்சித் தொழுகை முடிந்து, பிற்பகல் தொழுகைக்குரிய பாங்கொலி இன்னும் எழாத அந்த இடைப்பொழுதில், மணல் வெளுத்துக் கிடந்தது. மீன்கொத்தியும் வேட்டையை மறந்து ஒரு நாணற்றண்டில் அசையாமல் அமர்ந்திருந்தது. தெருவில் ஆளரவம் இல்லை. அன்புடையீர், அப்பொழுதில் அவ்வூரைக் காண நேர்ந்தால், இது உள்ளபடியே இருக்கும் ஊர்தானா, அல்லது வெயிலில் கிறங்கிய ஆறு காணும் கனவா என்று நீங்களும் ஒருகணம் ஐயுற்றிருப்பீர்கள்.

ஆயினும் கனவென்று சொல்லிக் கடந்துவிட முடியாதபடி அங்கே ஒரு வெக்கை இருந்தது. கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்த ஆடவர்கள், தம் மனைவியரும் மக்களும் குளிர்ந்து வாழவேண்டும் என்ற நல்லெண்ணத்தால், பழைய ஓட்டு வீடுகளைத் தட்டிவிட்டுப் பைஞ்சுதை என்னும் சிமெண்டுக் காரையால் இறுக வார்த்த மாடி வீடுகளைக் கட்டி, அவற்றுக்குப் பாலாடை நிறமும் கிளிப்பச்சை நிறமும் பூசியிருந்தார்கள். பார்ப்பதற்கு அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், காலையில் குடித்த வெயிலை அந்தக் கூரைகள் மாலை வரை உள்ளுக்குள் வைத்திருந்து, இரவெல்லாம் வீட்டுக்குள்ளேயே கக்கும். கட்டிக்கொடுத்தவர்கள் கடலுக்கு அப்பால் குளிர்ப்பொறி ஓடும் அறைகளில் வேலை பார்க்க, கட்டிக்கொண்டவர்கள் இங்கே நனைந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சோறு வடித்தார்கள்.

பள்ளிவாசலுக்கு வடக்கே இருந்த வெற்றிடத்தில் மட்டும், அந்த வெக்கைக்கு விடை சொல்ல வந்தது போல ஒரு புதுக்கூடம் நின்றது. ஆற்றோரத்துச் செம்மண்ணும் மணலும் சிறிதளவு சுண்ணாம்பும் கலந்து அச்சிலிட்டு அழுத்தி, சூளையில் சுடாமல் நிழலிலேயே உலர்த்திய கற்களால் எழுந்த சுவர்கள். இரட்டை அடுக்காய் ஓடு வேய்ந்த உயர்ந்த கூரை. மேற்குச் சுவர் முழுவதும் கண் கண்ணாகத் துளையிட்ட சுடுமண் பலகணி. அப்பலகணிக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு முழ ஆழத்தில் நீண்டதொரு சிறுகுளம். அதற்கப்பால், கூழாங்கல்லும் மணலும் பரப்பி ஆற்றங்கரைக் கோரையை நட்டு வளர்த்த அகன்ற பாத்தி. பள்ளிவாசலில் தொழ வருவோர், தொழுகைக்கு முன் முகமும் கையும் காலும் கழுவித் தூய்மை செய்துகொள்ளும் நீர், அதாவது ஊர் வழக்கில் ஒளு செய்யும் நீர், அதுகாறும் வாறுகாலில் விழுந்து வீணே ஓடியது. இப்போதோ அது மண்குழாய் வழியே வந்து, கோரையின் வேர்களில் வடிந்து தெளிந்து, சிறுகுளத்தில் தங்கும். மேற்கு மலையிடுக்கு வழியே வரும் காற்று, பசுங்கோரையையும் குளிர்நீரையும் தழுவிப் பலகணிக்குள் நுழைந்து கூடத்தைக் குளிர்விக்கும் என்பது ஏற்பாடு. மின்விசிறி வேண்டாம், குளிர்ப்பொறி வேண்டாம், கிணற்றிலிருந்து ஒரு குடம் நீரும் இறைக்க வேண்டாம். புன்னையம்பேட்டைப் பெண்கள் வந்து அமரவும் படிக்கவும், பிள்ளைகளை மடியில் போட்டுச் சற்றே கண்மூடவும் உரிய கூடம் அது.

அக்கூடத்தை வரைந்து எழுப்பியவள் ஷம்ஸியா என்னும் இருபத்தேழு வயதுப் பெண். அவள் அந்த நண்பகலில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி கோரைப் பாத்தியின் நடுவே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது ஒரு கோரைத் தாள். நுனியிலிருந்து பாதி வரை அது மஞ்சளித்திருந்தது. பக்கத்துத் தாளைப் பார்த்தாள், அதுவும் மஞ்சள். பாத்தியின் மறுகோடி வரை நடந்து பார்த்துவிட்டு, வெடித்துக் கிடந்த மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் நெஞ்சு ஏன் அப்படிப் பதைத்தது என்பதை அறிய, நாம் ஓராண்டு பின்னே செல்ல வேண்டும். தொலைவிலுள்ள பெருநகரில் கட்டடக் கலை பயின்று, அங்கேயே பணியில் அமர்ந்த ஷம்ஸியா, ஆண்டுக்கு ஒருமுறை நோன்பு மாதத்தில்தான் ஊருக்கு வருவாள். சென்ற ஆண்டும் அப்படி வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா, அடுக்களையை ஒட்டிய மாடிப்படிக்கட்டின் அடியில் ஒடுங்கி அமர்ந்து, வியர்வையில் தாள் ஒட்டிக்கொண்ட பாடநூலை ஊதி ஊதிப் பிரித்துப் படிப்பதைக் கண்டாள். கணவர் வளைகுடாவில், பிள்ளைகள் இருவர் பள்ளியில், முப்பத்திரண்டு வயதில், விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத முனைந்திருந்தாள் அவள். அதே படிக்கட்டடி போன்ற ஓர் இடுக்கில் அமர்ந்துதான் ஷம்ஸியாவும் ஒருகாலத்தில் படித்தாள். ஒரு கோடையில் அங்கேயே மயங்கியும் விழுந்தாள். ஊரில் ஆண்களுக்குப் பள்ளிவாசல் முற்றம் உண்டு, தேநீர்க் கடை உண்டு, ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் உண்டு. பெண்களுக்கு நிழலென்று ஒன்று இல்லையே என்ற எண்ணம் அன்றைக்கு அவளைத் தைத்தது. அந்தத் தைப்பிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கூடம்.

நிலம் பள்ளிவாசலுக்குரியது. ஊரவையின் தலைவர் சிராஜுதீன் கெட்டவர் அல்லர். ஆனால் எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். வரைபடத்தைக் கண்ணாடிக்கு மேலும் கீழுமாக நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"படத்துல நல்லாத்தான் இருக்கும்மா. நம்மூரு வெயிலு படத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா? ஊர்க் கல்யாண அண்டாவ எல்லாம் போட்டு வைக்கதுக்கு ஒரு கொட்டடி கட்டணும்னுதான் அந்த எடத்த நெனச்சு வச்சிருந்தேன். சரி, நீ கேக்க, உனக்காகச் சரிங்கேன். ஆனா ஒண்ணு. கத்திரி வெயிலு முடியுத அன்னிக்கு, உச்சித் தொழுகை முடிஞ்சதும் நானே வந்து உள்ள உக்காருவேன். வேர்த்துச்சுன்னு வையி, மறுநாளே அண்டா குண்டாவக் கொண்டாந்து அடுக்கிருவேன். கோவிச்சுக்கிடப்படாது. அதுவரைக்கும் சாவி என்கிட்டத்தான் இருக்கும்."

"சரி மாமா," என்றாள் ஷம்ஸியா. தன் கணக்கின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கணக்கை அவள் கருத்தோடுதான் போட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பணியும், ஒளு செய்யும் நீர்த்தொட்டியைப் பேணும் பணியும் உடைய மோதினார் அசன் மைதீனிடம் ஒரு குடத்தையும் ஒரு சுண்ணக்கட்டியையும் கொடுத்து, கழுவிய நீர் வெளியேறும் வாயிலில் குடத்தை வைத்து, நிறையுந்தோறும் சுவரில் ஒரு கோடு இழுக்கச் சொன்னாள். நோன்பு மாதம் முப்பது நாளும் அவர் கோடிழுத்தார். நாளொன்றுக்கு இருநூற்றைம்பது குடத்துக்குக் குறையவில்லை. "எப்பவும் இப்படித்தானா மாமா?" என்று அவள் கேட்டபோது, மோதினார் நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம பள்ளியில எந்நாளும் கூட்டந்தாம்மா," என்றார். அதைக் கேட்டு அவள் ஐயுறவும் இல்லை. நோன்பிலும் பெருநாளிலும் மட்டுமே ஊருக்கு வருகிறவளுக்கு ஊர் எப்போதும் நிறைந்துதானே தோன்றும்.

அக்காலத்தில் ஒருநாள், முற்றத்தில் அமர்ந்து அவள் கோடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தாய் ஜுபைதா பீவி கதவு நிலையில் சாய்ந்து நின்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"அங்கன மட்டுந்தான் அளக்குதியா, ஷம்சு?" என்று கேட்டாள்.

"பள்ளியிலதானே உம்மா ஒளு செய்யுதாங்க," என்றாள் மகள், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

அடுப்பில் கஞ்சி பொங்குகிறதென்று தாய் உள்ளே போய்விட்டாள்.

கூடம் எழுந்தது. கொத்தனார் சுடலைமாடன், மண்கல்லைக் கண்டு முதலில் நகைத்தாலும், பிறகு தம் சொந்த வீடு போல இழைத்து இழைத்துக் கட்டினார். இவ்வாண்டு நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு கோரை நட்டார்கள். நோன்பு மாதம் வந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஆடவர்கள் வந்தார்கள். பள்ளி நிரம்பி முற்றத்திலும் வரிசை நின்றது. நீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. முப்பதே நாளில் கோரை இடுப்பளவு எழுந்து, காற்றடிக்கும்போதெல்லாம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்து, பார்ப்பவர் கண்ணையும் சேர்த்துத் தாலாட்டியது. சிறுகுளத்தில் தும்பிகள் வந்து இறங்கின. ஷம்ஸியா தன் பணிக்கு நீண்ட விடுப்பு எழுதிவிட்டு, கத்திரி முடியும்வரை ஊரிலேயே தங்குவதென்று முடிவு செய்தாள். அந்நாட்களில் அவள் நடந்ததெல்லாம் தரையில் கால் பாவாத நடைதான்.

பெருநாள் வந்தது, போயிற்று. மறுவாரமே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆடவர்கள் கடல் கடந்தார்கள். எஞ்சியோர் கடைக்கும் வயலுக்கும் திரும்பினார்கள். முன்வரிசை நிறைவதே அரிதாயிற்று. வெள்ளிக்கிழமை ஒருநாள் வயிறார உண்டு மற்ற ஆறு நாளும் பட்டினி கிடந்த கோரை எத்தனை நாள் தாங்கும்? மூன்றே வாரத்தில் சிறுகுளம் வற்றி அதன் அடியில் பாசி ஓடு ஓடாக உரிந்தது. அந்த நிலையில்தான், அன்புடையீர், கையில் மஞ்சள் தாளோடு வெடித்த மணலில் அமர்ந்திருந்தவளை நாம் முதலிற் கண்டோம்.

அவள் எழுந்து பள்ளிவாசலின் நீர்த்தொட்டிப் பக்கம் போனாள். அங்கே மோதினார் அசன் மைதீன் தனியே குந்தி அமர்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி எழுந்தவர், ஒருகணம் நின்று, மீண்டும் குந்தி முதலிலிருந்து முகம் கழுவத் தொடங்கினார். இருமுறை அவ்வாறு செய்தபின் அவளைக் கண்டு திடுக்கிட்டார்.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்லம்மா." ஈரம் சொட்டும் தாடியோடு அவரே தொடர்ந்தார். "நாலு நாளா ஒரு நேரத்துக்கு மூணு தடவ ஒளு செய்யுதேன். ஓடுத ஆத்துல நின்னாலும் தண்ணிய வீணாக்கப்படாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளு நான். ரப்பு என்ன மன்னிக்கணும். நோன்பு போயிட்டா இங்கன பத்து இருவது பேருதாம்மா. எல்லாவனும் வெளிநாட்டுல கெடக்குதான். பள்ளி காலியாக் கெடக்குன்னு மோதினாரு வாயாலயே எப்படிச் சொல்லுவேன்? சொல்லியிருக்கணும். ஒன் கூடத்த நாந்தான் கெடுத்துட்டேன்."

அவருடைய கண்களும் ஈரமாக இருந்தன. அது கழுவிய நீர்தானா என்று பிரித்தறிய இயலவில்லை. ஷம்ஸியாவுக்கு அவர்மேல் சினம் வரவில்லை, தன்மேல் வந்தது. கல்லையும் மண்ணையும் ஆராய்ந்து அளந்த தான், ஊர் எப்போது நிறைகிறது, எப்போது வெறுமையாகிறது என்பதைக் தானே கண்டறியாமற் போனோமே என்று வெட்கினாள். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றினால் கோரை பிழைக்கும். ஆனால் தெருக்குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் வரும் கோடையில், அதைச் செய்ய அவள் மனம் ஒப்பவில்லை. செய்யமாட்டேன் என்று ஊரவைத் தலைவரிடம் வாக்கும் கொடுத்திருந்தாள். கத்திரி முடிய இன்னும் நான்கு வாரம் இருந்தது. மாலையில் மைதீன் பாத்திமா பூட்டிய கதவின் வழியே கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சன்னல் ஓரத்துல அந்த மூலைதான் எனக்குன்னு நெனச்சு வச்சிருக்கேன், பாத்துக்க," என்று சிரித்தபோது, ஷம்ஸியாவுக்கு அழுகையை அடக்குவது பெரும்பாடாயிற்று.

மறுநாளும் அவள் பாத்திக்கே வந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாத்தியின் மேற்கெல்லையில் இருந்த சுவரின் நிழலில் முதுகைச் சாய்த்து அமர்ந்தாள். சுவருக்கு அப்பால் பின்முடுக்கு. இருபுறமும் வீடுகளின் புறவாசல்கள் மட்டுமே திறக்கும், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகிய சந்து அது. காற்று இல்லை. கண்கள் தாமே மூடின. உறக்கமும் விழிப்பும் கைகோத்து நிற்கும் அந்த மங்கிய நிலையில், மோதினாரின் குரல் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லி எழுந்து, ஊரின் மேல் நெடுக விரிந்து, மெல்ல அடங்கியது.

அடங்கியதும் ஓர் ஒலி கேட்டது. சுவருக்கு அப்பால், மிக அருகில், ஒரு செம்பிலிருந்து நீர் சாய்ந்து கல்லில் விழும் ஒலி. நின்றது; மீண்டும் விழுந்தது. சற்றே தள்ளி இன்னொரு செம்பு. பிறகு எதிர்ச்சாரியில் ஒன்று. பிறகு எங்கிருந்தென்று சொல்ல முடியாதபடி முடுக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒன்றன்பின் ஒன்றாய், ஒன்றன்மேல் ஒன்றாய், நீர் விழுந்துகொண்டே இருந்தது. வளையல்கள் மெல்ல உரசின. யாரோ தாழ்ந்த குரலில் இறைவன் பெயரை ஓதினார்கள். அவ்வொலி முழுவதும் இறுதியில் ஒன்றாகி, சுவரின் அடியில் வாறுகாலில் சலசலவென்று ஓடி ஆற்றுப்பக்கம் போய் மறைந்தது. பிறந்தது முதல் நாளுக்கு ஐந்துமுறை அவள் கேட்டு வளர்ந்த ஒலிதான். கேட்டு வளர்ந்ததாலேயே கேளாமற் போன ஒலி.

ஷம்ஸியா கண்ணைத் திறந்தாள். முதலில் கேட்ட செம்பு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் வீட்டுப் புறவாசல். மூன்றே மூன்று முறை, அளந்தாற்போல, ஒரு துளியும் வீணாகாமல் சாய்க்கும் கை ஊரிலேயே ஒன்றுதான் உண்டு. 'அங்கன மட்டுந்தான் அளக்குதியா?' என்று ஓராண்டுக்கு முன் கதவு நிலையில் நின்று கேட்ட கேள்வி, இப்போதுதான் வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தது போல அவள் செவியில் விழுந்தது. பெண்களுக்காகக் கூடம் கட்டப் புறப்பட்டவள் பெண்களை எண்ணவே இல்லை. அந்த வெட்கம் சுடச்சுட முகத்தில் ஏற, அவள் எழுந்து முடுக்கைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ஜுபைதா பீவி தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மகள் வந்து முன்னே மண்டியிட்டு அவளுடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே..."

"எதக் கேட்டேன்ளா?"

"அங்கன மட்டுந்தான் அளக்குதியான்னு."

தாய்க்கு அது நினைவிருந்தது. முகத்தில் ஒரு சிறு நாணம் படர, "எங்களுதும் தண்ணிதானேன்னு நெனச்சேன். படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்," என்றாள்.

மறுநாள் காலை, முடுக்கில் புறவாசல்தோறும் பெண்கள் கூடினார்கள். ஷம்ஸியா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சமையல் நீரும் துணி துவைத்த நீரும் வேண்டாம். ஒளு செய்யும் நீர் மட்டும் தனியே ஒரு கல்லில் விழுந்து, ஓடு பதித்த சிறு வாய்க்கால் வழியே சுவரைத் துளைத்துக்கொண்டு பாத்திக்குப் போக வேண்டும். யாரும் கூடுதலாக ஒரு செம்பு நீரும் செலவழிக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டதிட்டங்களில் கண்டிப்பானவள், சித்தி ஜனாபா என்னும் பெயருடைய மூத்தவள்தான் முதலில் பேசினாள்.

"நாம கால் கழுவின தண்ணி பள்ளி எடத்துக்குள்ள போவலாமாளா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"ஏன் மாமி," என்றாள் மைதீன் பாத்திமா, இடுப்பில் கையை ஊன்றியபடி, "ஆம்பளைங்க கால் கழுவின தண்ணி போவுது. அவங்க காலு வேற மண்ணுலயா நடக்குது?"

முடுக்கே சிரித்தது. சித்தி ஜனாபாவும் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுக் கல்ல மொதல்ல போடச் சொல்லு, நான் முந்திக்கிடுதேன்," என்றாள். மோதினார் அசன் மைதீன், கேட்காமலே தம் குடத்தையும் மிச்சமிருந்த சுண்ணக்கட்டியையும் கொண்டுவந்து முடுக்கின் வாயிலில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் பெண்களே ஒளு நீரை மட்டும் பிடித்து அளந்தார்கள். நூற்றுப்பத்துக் குடம். மறுநாளும் நூற்றுப்பத்து. நோன்பானாலும் பெருநாளானாலும், ஆடவர் வந்தாலும் போனாலும், ஏறாமல் இறங்காமல் நிற்கும் நீர் அது.

பாத்தி முழுவதற்கும் அது போதாது. ஷம்ஸியா மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கூடத்துக்குத் தொலைவாக இருந்த பாதியைக் கைவிட்டாள். பலகணியை ஒட்டிய பாதியை மட்டும் காப்பதென்று துணிந்தாள். சுடலைமாடன் வந்து, நூல் பிடித்து வாட்டம் பார்த்து, ஆறே நாளில் நாற்பது புறவாசலுக்கும் கல்லிட்டு ஓடு பதித்தார். "கொஞ்சம் பைய ஊத்துங்க தாயி, தண்ணி தானாப் போய்ச் சேந்துரும்," என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். முதல் நீர் பாத்தியில் இறங்கிய அன்று, காய்ந்த மணல் அதை ஒரு மூச்சில் குடித்துவிட்டு ஒன்றும் நடவாதது போலக் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள் காலையில், கருகிய தாள்களின் அடியில், விரல் நுனியளவு பச்சை எட்டிப் பார்த்தது. அதைத் தொட்டுப் பார்க்கவும் அஞ்சி, ஷம்ஸியா வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றாள்.

கத்திரி முடியும் நாள் புதன்கிழமையாக வந்தது. உச்சித் தொழுகைக்குப் பள்ளியில் இருந்தவர் பதினான்கு பேர். தொழுகை முடிந்து, சிராஜுதீன் சொன்ன சொல் தவறாமல் சாவியோடு வந்தார். தம் வீட்டுப் பையன் வைத்திருந்த வெயில் அளக்கும் கருவியைக்கூடச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். பாத்தியைப் பார்த்தார். பாதி வெறும் மணல். மறுபாதியில் கோரை முழங்காலளவுதான் நின்றது. உதட்டைப் பிதுக்கினார். கதவைத் திறந்து உள்ளே போய், மேற்குப் பலகணிக்கு எதிரே பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் பாட்டுக்கு இருக்கேன். நீங்க யாரும் நிக்க வேண்டாம்," என்றார்.

பெண்கள் தங்கள் புறவாசல்களுக்குத் திரும்பினார்கள். ஷம்ஸியா மட்டும் வெளிச்சுவரோரம் நின்றாள். பலகணியின் துளைகள் வழியே வந்த ஒளி, செம்மண் தரையில் காசு காசாக விழுந்து கிடந்தது. சிறுகுளத்தில் இரண்டு விரற்கடை நீர்தான். ஆனால் அதன் மேல் தவழ்ந்த காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்து, கூரையின் உயரத்துக்கு ஏறி, அங்கே விட்டிருந்த இடைவெளி வழியே வெக்கையைத் தள்ளிக்கொண்டு போனது. கால் மணி நேரம் கடந்தது. அரை மணி நேரம் கடந்தது. உள்ளேயிருந்து இருமலும் இல்லை, அழைப்பும் இல்லை. பொறுக்கமாட்டாமல் துளைவழியே எட்டிப் பார்த்தாள்.

ஊரவைத் தலைவர் சிராஜுதீன், தொப்பி ஒருபக்கம் சரிய, வெயில் அளக்கும் கருவி மடியில் உருண்டு கிடக்க, வாய் சற்றே திறந்து, பச்சைப் பிள்ளை போல உறங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பொழுது சாய்ந்தது. காசுகளாய்க் கிடந்த ஒளி நகர்ந்து நகர்ந்து அவர் கால்மாட்டை எட்டியது. பிற்பகல் பாங்கு எழுந்தது. அந்த நீண்ட குரல் அடங்கிய அமைதியில், முதற்செம்பு சாய்ந்தது. பின் இரண்டாவது. பின் முடுக்கு முழுவதும். நாற்பது வீட்டு நீரும் ஓடு பதித்த வழியே கூடி, சுவர்த்துளையில் நுழைந்து, கோரையின் அடியில் மெல்லப் பேசிக்கொண்டு இறங்கியது. அந்த ஒலியில்தான் சிராஜுதீன் கண் விழித்தார். எங்கிருக்கிறோம் என்று ஒருகணம் அவருக்குத் தெரியவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார், உலர்ந்திருந்தது. எழுந்து வெளியே வந்து பாத்தியைப் பார்த்தவர், நீர் வரும் பக்கத்தையும் பள்ளிவாசல் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய் வறண்டிருந்தது.

"ஏம்மா, பள்ளியில இன்னும் ஒருத்தரும் வரலியே. இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

ஷம்ஸியா வாயெடுத்தாள். அதற்குள் சுவரில் புதிதாக வைத்திருந்த சிறு கதவைத் திறந்துகொண்டு, ஒளு செய்த ஈரம் முகத்தில் இன்னும் காயாமல், ஜுபைதா பீவி வந்து நின்றாள்.

"எங்க வீடுகள்லேருந்து, அண்ணாச்சி," என்றாள். "அஞ்சு நேரமும் வருது. நேத்து இன்னிக்கு வரல. எப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

சிராஜுதீன் சுவருக்கு அப்பால் முடுக்கின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய வீட்டுப் புறவாசலும் அந்த முடுக்கில்தான் இருந்தது. அவருடைய மனைவியின் செம்பும் அந்த ஒலியில் ஒன்று. முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் அதை ஒருநாளும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு இடுப்பு வாரில் கோத்திருந்த சாவிக்கொத்திலிருந்து கூடத்தின் சாவியைத் தனியே கழற்றி, யார் கையில் கொடுப்பது என்று அறியாதவர் போலச் சற்றே தயங்கி, ஜுபைதா பீவியின் முன்னே நீட்டினார்.

"அண்டாவுக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்," என்றார்.

அவள் ஈரக்கையாலேயே வாங்கிக்கொண்டாள். அன்று மாலை மைதீன் பாத்திமா தன் பாடநூலோடு பலகணி ஓரத்து மூலையில் வந்து அமர்ந்தாள். தாள் ஒட்டவில்லை, ஊதவும் வேண்டியிருக்கவில்லை.

பொருநை இன்றும் புன்னையம்பேட்டையின் வளைவில் ஒருகணம் தயங்கித்தான் செல்கிறாள். ஆற்றுக்கு அணையிட்டவர்கள் உண்டு, வாய்க்கால் வெட்டியவர்கள் உண்டு, மழையை அளந்து ஏட்டில் எழுதி வைத்தவர்களும் உண்டு. புறவாசற் கல்லில் மூன்று முறை சாய்க்கும் ஒரு செம்பு நீரை எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதாவிட்டாலும் அது நாள் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. யாராவது ஒருநாள் காது கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தும் அது விழவில்லை. இப்போது அந்த நீரில் கோரை நிற்கிறது. கோரையில் காற்று நிற்கிறது. காற்றில், பிள்ளையை மடியில் கிடத்தியபடி, ஒரு தாய் சற்றே கண்மூடுகிறாள்.